மூவர் பெயரில் ஒருத்தியின் வேலை

ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யினால் என்னோடு வேலை செய்த ஒரு பெண் தன் பிள்ளையை விட்டுவிட்டுக் தூரத்துக் கலவானைக் கிளைக்குப் போக வேண்டியதாயிற்று. நடந்தது கணினியின் கோளாறு என்று எங்கள் நிறுவனத்தில் இன்றும் சொல்கிறார்கள். கணினி தனக்குச் சொல்லித் தந்ததைச் சரியாகப் படித்தது. பாடத்தைக் கெடுத்துக் கொடுத்தவன் நான்.

தெஹியோவிட்டவில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை முகாமையாளராக இருந்தேன். ஓய்வு பெறும் வயது கடந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை பிராந்தியத் தலைவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு இன்னொரு வருடம் வேலை உண்டு. வீட்டிலே சும்மா இருக்கப் பயந்தேன் என்பதுதான் உண்மை. பணத் தேவை அவ்வளவு இல்லை.

எங்கள் கிளையைச் சுற்றி இறப்பர் தோட்டங்கள். மழை பெய்தால் பால் வெட்டு நடக்காது. வெட்டு இல்லாத காலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து சனம் டவுனுக்கு இறங்கும். சம்பளம் கணக்குக்கு வந்துவிட்ட நாளும் மழையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் வாசல் வரை வரிசை நிற்கும். குடை, ஈரச் சேலை, பொலித்தீன் பையில் சுற்றிய சேமிப்புப் புத்தகம், இடுப்பில் பிள்ளை.

பணம் வாங்கிக் கொடுக்கும் கருமபீடத்தில் மூன்று பேர். மூவரும் சிங்களப் பெண்கள், வேலையில் கெட்டிக்காரிகள். தமிழில் ‘எவ்வளவு’, ‘கையெழுத்து’, ‘நாளைக்கு வாங்க’ ஆகியவை அவர்களுக்கு நன்றாக வரும். நான்காவது உத்தியோகத்தர் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னைத் தவிரக் கிளையில் தமிழ் பேசியது அவள் ஒருத்திதான். படிவங்களில் தமிழ் இருந்தது. ஆனால் அது எந்த வீட்டிலும் பேசப்படாத தமிழ். ‘மீளப்பெறுநர்’ என்றால் பணம் எடுப்பவர் என்று தோட்டத்து மனுசிக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டம் உள்ள நாளில் அவள் வாசல் பக்கம் ஒரு மேசையைப் போட்டுக்கொள்வாள். வருகிறவர்களிடம் பேசி, அடையாள அட்டையைப் பார்த்து, பணம் எடுக்கும் துண்டு நிரப்பி, புத்தகங்களைக் கட்டாக அடுக்குவாள். பிறகு மூன்று கருமபீடங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போவாள். அங்கே இருப்பவர் தங்கச்சியைக் கூப்பிடுவது போல், “நங்கி, நீயே போட்டுரு,” என்று எழுந்து தேநீர் குடிக்கவோ, அடகு நகையை நிறுக்கவோ போவார். இவள் அவருடைய கதிரையில் உட்கார்ந்து, அவருடைய கடவுச்சொல்லில் திறந்திருக்கும் கணினியில், கட்டையெல்லாம் ஒரே மூச்சில் பதிந்துவிடுவாள். அவளுக்கென்று ஒரு கருமபீடம் கேட்டிருந்தோம். தலைமை அலுவலகம் மறுத்துவிட்டது.

ஒருவர் கடவுச்சொல்லில் இன்னொருவர் வேலை செய்யக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் முதல் விதி. நான் அதை முதல் வாரத்திலேயே கண்டேன். “கூட்டம் குறைஞ்சதும் நிறுத்திடுங்க,” என்று மட்டும் சொன்னேன். கூட்டம் ஏன் குறையப் போகிறது? பிராந்தியத்திலேயே வேகமாக வேலை முடிகிற கிளை எங்களுடையது என்று எனக்குப் பாராட்டும் வந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் தலைமை அலுவலகம் இயந்திரக் கற்றல் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கிளைகளின் பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால், எந்தக் கிளைக்கு எந்த நாளில் எவ்வளவு பணமும் எத்தனை ஆட்களும் வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லும். அதை வைத்து ஆளணியை அங்கே இங்கே மாற்றலாம். வேலையைப் பொறுப்பேற்றுக் கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதிருக்கலாம், நிதானமாகப் பேசுவார். தொடங்கும் முன் ஒவ்வொரு கிளையும் இதற்கு ஆயத்தமா என்று பார்க்க வந்தார்.

“மெஷின் படிக்கிறது பெரிய விசயமில்ல சேர். நாங்க குடுக்கிற பாடம் சரியான்னுதான் பாக்கணும். அது சொல்றது பிழைன்னா, பிழைன்னு சொல்ல உங்க ஆக்களுக்குத் துணிவு இருக்கான்னும் பாக்கணும்,” என்றார்.

அவர் எங்கள் கிளைக்கு வந்தது வெயில் கொளுத்திய ஒரு வார நாளில். கிளை வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் மேசையும் இல்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை அந்த நான்காவது பெண் என் அறைக் கதவைத் தட்டினாள்.

“சேர், ஒன்னு கேக்கலாங்களா?”

“கேளுங்க.”

“அந்த மெஷின் பழைய பதிவத்தானே பாக்கும்? அதுல நான் இருக்க மாட்டேனே. மூணு அக்காமாரும்தான் இருப்பாங்க.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

“கொழும்பு மிஸ்கிட்ட சொல்லிருவீங்கதானே?”

“அதான் சொன்னேனே.”

“இல்லீங்க சேர், பாத்துக்கிறேன்னுதான் சொன்னீங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்து, “சரி, சொல்றேன். போதுமா?” என்றேன்.

ஆயத்தநிலைக் கூட்டம் இரத்தினபுரியில் நடந்தது. நீள மேசையைச் சுற்றி முகாமையாளர்கள். அதன் தலைப்பக்கத்தில் பிராந்தியத் தலைவர். என் நீட்டிப்பு விண்ணப்பம் அந்த வாரம் அவரிடம்தான் இருந்தது. கொழும்புப் பெண் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: உங்கள் கிளையின் பதிவு, யார் எந்த வேலையைச் செய்தார் என்பதை உள்ளபடி காட்டுகிறதா?

என் முறை வந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி ‘எப்படி’ என்று வரும். அதற்கடுத்து ‘யார் அனுமதித்தார்’ என்று வரும். அதற்கடுத்த இடத்தில் என் விண்ணப்பம் கிடந்தது.

“ஆம்,” என்றேன்.

கொழும்புப் பெண் குறித்துக்கொள்ளவில்லை. என்னையே பார்த்தார். “கூட்டமான நாள்லயும் அப்பிடித்தானா சேர்? ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வேல செய்யற பழக்கம் சில இடத்துல இருக்கு. இருந்தா இப்ப சொன்னா நல்லம். குற்றம் பிடிக்கக் கேக்கல.”

“எங்க கிளையில அப்படி நடக்காது.”

பிராந்தியத் தலைவர் சத்தமாகச் சிரித்தார். “இவரு கிளையில ஈ பறக்கிறதுன்னாலும் பெர்மிஷன் எடுக்கணும் மிஸ்!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பொய்யைவிடக் கேவலமாக நினைவில் நிற்கிறது.

இயந்திரம் நன்றாகவே படித்தது. மழையைப் படித்தது. வானிலை அறிவிப்பையும் சம்பள நாளையும் சேர்த்து, நாளை கூட்டம் என்று அது சொன்னால் கூட்டம் வந்தது. கருமபீடத்துப் பெண்கள் அதற்கு ‘மழைச்சாமி’ என்று பெயர் வைத்து, அது சொன்னால் குடை கொண்டுவந்தார்கள். எனக்குப் பயம் தெளிந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆளணிப் பரிந்துரை வந்தது. மழை நாளில் தெஹியோவிட்டவுக்குக் கூட்டம் மிக அதிகம். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேலையும் மிக விரைவாக முடிகிறது. ஆகவே இரண்டு கருமபீடங்கள் போதும். நான்காவது உத்தியோகத்தரின் பெயரில் வேலை ஏறக்குறைய இல்லை. கலவானைக் கிளையில் தமிழ் தெரிந்தவர் இல்லாததால் அவரை அங்கே அனுப்பலாம். வாசல் மேசையில் அவள் பேசிய பேச்சு, நிரப்பிய துண்டு, பார்த்த அடையாள அட்டை எதுவும் கணினியைத் தொடவில்லை. தொட்டது கடைசி நிமிடம் மட்டும். அதுவும் மற்றவர்கள் பெயரில்.

இடமாற்றக் கடிதத்தை அவள் என் மேசையில் வைத்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“சொன்னீங்களா சேர்?”

“சொல்ற மாதிரி சந்தர்ப்பம் அமையல.” இது இன்னொரு பொய்.

“கேக்கவே இல்லையா அவங்க?”

நான் பேனா மூடியைத் திறந்து மூடினேன்.

“கேட்டிருக்காங்க,” என்றாள் தனக்குத்தானே. “சேர், வீட்டுக்காரரு குவைத்ல இருக்காரு. மாமி விடியறதுக்கு முந்தி வெட்டுக்குப் போயிரும். எம் புள்ள இப்பதான் முதலாம் வகுப்பு. நான் கலவானையில போய்ப் போர்டிங்ல இருந்தா அவளுக்குத் தல சீவி விடறது யாரு? நீங்களா?”

“மேல பேசிப் பாக்கிறேன்.”

“பாருங்க.” கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் மேலே பேசவில்லை. எதைப் பேசுவது? பேசினால் உண்மையைப் பேச வேண்டும். அவள் கலவானைக்குப் போனாள். சனிக்கிழமையும் வேலை நாள் என்பதால் பிள்ளையோடு இருக்க அவளுக்கு ஞாயிறு மட்டும்தான். அதிலும் பாதி பஸ்ஸில் போய்விடும். ஒரு கருமபீடத்தையும் மூடிவிட்டார்கள். அங்கிருந்தவரை அவிசாவளைக்கு மாற்றினார்கள்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை விடியலிலிருந்தே மழை. தோட்டங்களில் அட்வான்ஸ் கணக்குக்கு வந்திருந்தது. மழைச்சாமி முந்தின நாளே எச்சரித்திருந்தது. திறக்கும்போதே வரிசை பக்கத்துப் பேக்கரியைத் தாண்டி நின்றது. தமிழ் பேச நான் ஒருவன்தான். வாசல் மேசையில் நானே உட்கார்ந்தேன். ஒருத்தியின் அடையாள அட்டையில் ஒரு பெயர், புத்தகத்தில் வேறு பெயர். ஒருவர் கணவனின் பணத்தை எடுக்க வந்திருந்தார். ஒரு கிழவிக்கு மை ஒட்டாத விரல். ஒரு துண்டை நான் எழுதி முடிப்பதற்குள், பணப் பெட்டகத்தைத் திறக்க உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தால் யாருடைய புத்தகம் யாருடைய துண்டில் என்று தெரியவில்லை. கருமபீடத்தில் ஒருத்தி, “சேர், இவங்க என்ன கேக்கிறாங்க?” என்று கத்தினாள். மற்றவள் ஏற்கெனவே அழும் நிலையில் இருந்தாள்.

“மேசயில இருந்த புள்ள எங்கங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“கம்ப்யூட்டரு முழுங்கிருச்சாம்,” என்றார் பின்னாலிருந்தவர். வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு நெடுநேரம் தாக்குப்பிடிக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு கண்ணாடிக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

அந்த வரிசையில் அவளுடைய மாமியாரும் நின்றார். பேத்தியைத் தோளில் தூங்கப் போட்டிருந்தார். மேசைக்கு வந்ததும் புத்தகத்தைத் தராமல் என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே இங்க பெரியவரு?”

“ஆமாங்க அம்மா.”

“எம் மருமகள எதுக்குத் தூக்குனீங்க?”

“நான் தூக்கல. அது மேல இருந்து வந்த முடிவு.”

“மேலன்னா எங்கங்க? மழ வருதே, அங்கயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவர் கருமபீடத்தை அடையும் முன் வேலை நேரம் முடிந்து, பிராந்திய அலுவலகம் வைத்திருந்த ஏற்பாட்டின்படி கணினி தானாகப் பூட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே பாதி வரிசை வெறுங்கையோடு நின்றது. பண்டிகைச் சாமான் வாங்க வந்தவர்கள். ஒருவர் கூட என்னை அடிக்க வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பிராந்திய அலுவலகத்துக்கு எழுதினேன். கடவுச்சொல் பழக்கத்தை நான் அனுமதித்தேன். பதிவு உள்ளபடியானதல்ல என்று தெரிந்தே கூட்டத்தில் ஆம் என்றேன். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பிவிட்டு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நான் என்னைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன் என்பதற்கு அது சாட்சி. என் கடிதம் அவளையும் குற்றவாளியாக்கியது. அடுத்தவர் கடவுச்சொல்லில் உட்கார்ந்தது அவள்தானே. நான்கு பெண்களுக்கும் குற்றப்பத்திரம் போனது.

கலவானையிலிருந்து போன் வந்தது.

“யாரக் கேட்டுச் சேர் எழுதுனீங்க?”

“உங்களத் திருப்பிக் கொண்டுவரணும்னுதான்…”

“அன்னிக்கு வாயத் தொறக்க வேண்டிய நேரம் தொறக்கல. இன்னிக்கு என்னக் கேக்காம தொறந்திருக்கீங்க. இடமாத்தம் மட்டுந்தான் இருந்திச்சு. இப்ப வேலையே போகப் போகுது. மாசா மாசம் நான் அனுப்பறதுலதான் வீடு ஓடுது. அவருக்கு அங்க ஒழுங்கா சம்பளம் குடுக்கிறதில்ல. தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. நான் கேட்டதே இல்லை.

விசாரணையில், நால்வரும் என் சொல்லை நம்பித்தான் அப்படிச் செய்தார்கள், பழி முழுவதும் என்னுடையது என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். பெண்களை விடுவிக்கவும், அவளைத் திருப்பி அனுப்பவும் சம்மதித்தார்கள். ஆனால் நான் கையெழுத்திட வேண்டிய வாக்குமூலத்தில், ஆயத்தநிலைக் கூட்டத்தில் நான் சொன்ன பதில் ‘விடயம் அறியாமல் நேர்ந்த கவனக்குறைவு’ என்றிருந்தது.

“எனக்கு விசயம் தெரியும்,” என்றேன்.

பிராந்தியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “தெரிஞ்சு சொன்னதுன்னு எழுதினா அது மோசடி. மோசடின்னா கொழும்புக்குப் போகும், கணக்கெல்லாம் கிளற ஓடிட் வரும். உங்க ஆக்கள் நாலு பேரும் திரும்பவும் கூண்டுல ஏறணும். கிழடு தட்டின நேரத்துல ஒங்களுக்கு ஏன் இந்த வீம்பு?”

அவரும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசினார். இயந்திரத்தைத் தன் பிராந்தியத்தில் முதலில் நிறுவியவர் என்று அவருக்குப் பெயர் வந்திருந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. நான் நாள் கேட்டுக்கொண்டு வீடு வந்தேன். கையெழுத்திடவில்லை. மறு வாரமும் இடவில்லை. வாழ்க்கையில் ஒரு முறையாவது உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போகலாம் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். பிள்ளையோடு இருக்க அவளுக்குக் கிடைக்கும் அந்த ஒரே நாளில். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். அவள் தொடவில்லை.

“கையெழுத்துப் போடலயாமே?”

“அதுல எழுதியிருக்கிறது பொய்.”

“எனக்குத் தெரியாதா அது பொய்யின்னு?” என்றாள். “சேர், நீங்க உங்க உண்மைய எழுதிட்டு இங்க நிம்மதியா சாஞ்சுக்குவீங்க. நான் கலவானையில இருப்பேன். எம் புள்ள போன ஞாயிறு என்னப் பாத்து ‘எப்ப போவீங்க’ன்னு கேக்குது. எப்ப வருவீங்கன்னு கேட்ட புள்ள. போட்டுருங்க.”

“அதுல கையெழுத்துப் போட்டா மத்தக் கிளைகள்ல இதே பிழை நடக்கிறது யாருக்கும் தெரியவராது.”

“அது சரிதான்,” என்றாள். “அதையும் என் தலையிலயா வைக்கப் போறீங்க?”

திங்கட்கிழமை இரத்தினபுரிக்குப் போய்க் கையெழுத்திட்டேன். செய்த தவறை ஒப்புக்கொள்ளும் ஆசையையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தேன். என் நீட்டிப்பு நின்றது. பாராட்டுக் கூட்டம் வைக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

அவள் அந்த மாத முடிவில் தெஹியோவிட்டவுக்குத் திரும்பினாள். அவளுக்கு ஒரு கருமபீடமும் சொந்தக் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். வாசலில் செய்யும் வேலையையும் கணினியில் பதிய ஓர் ஏற்பாடு வந்தது. இப்போது அந்தக் கிளைக்கு மழை நாளில் நான்கு பேர் வேண்டும் என்று இயந்திரமே சொல்கிறதாம்.

கொழும்புப் பெண்ணுக்கு நானே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் ரெண்டு தரம் கேட்டேனே சேர்.”

“கேட்டீங்க.”

“மத்தக் கிளைகள்லயும் இப்பிடித்தானா?”

“தமிழ் ஆள் ஒருத்தர் மட்டும் இருக்கிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.”

“எழுத்துல தருவீங்களா?”

தந்தால் என் வாக்குமூலம் பொய் என்றாகும். விசாரணை மீண்டும் திறக்கும். “தர ஏலாது,” என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு மழை நாள் முழுக்கத் தானே போய் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கப்போவதாகச் சொன்னார். சில கிளைகளுக்கு அனுமதி கிடைத்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன். எவை என்று தெரியாது. கிடைக்காத கிளைகளில் யார் எங்கே மாற்றப்பட்டார்கள் என்பதும் தெரியாது.

என் சேமிப்புக் கணக்கு இன்னும் அங்கேதான். போன மாதம் போனபோது அவள் கருமபீடத்தில்தான் முறை வந்தது. துண்டை நீட்டினேன்.

“நீங்களே எழுதுனீங்களா சேர்?”

“ஆமா.”

வாங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் பார்த்தாள். என் கையெழுத்தை அட்டையில் இருந்ததோடு ஒப்பிட்டாள். பிறகு என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் ஒப்பிட்டாள். எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறாளா, எனக்கு மட்டுமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பணத்தை எண்ணித் தந்தாள். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். நான் நகர்ந்துகொண்டேன்.